சமையலறைக் கணக்கில் சேராதவை

பணத்தைச் செலவு செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். மிச்சம் பிடிக்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல், மூன்றாவதாக ஓர் இனம் நடமாடிக்கொண்டிருக்கிறது. கைநிறையச் செலவு செய்துவிட்டு, செலவே ஆகவில்லை என்று மனதார நம்புகிற இனம். பொய்யர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எதுவென்று தெரியும். இவர்களுக்கு அந்தச் சுமை கிடையாது. இவர்களைச் சேராதுக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உடம்பைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை ஒரு கிண்ணம் சூப்போடு நிறுத்திக்கொண்டு, எல்லோரும் எழுந்து போனபின் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி கேக்கை வெட்டி வாயில் போட்டுக்கொள்கிறாரே, அவரைக் கேட்டுப் பாருங்கள். "நின்னுக்கிட்டு சாப்பிட்டது சேராது" என்பார். சிகரெட்டை விட்டே விட்டவர், டீக்கடை வாசலில் புகை விட்டுக்கொண்டிருப்பார். "அடுத்தவன் குடுத்தது சேராது." இந்த வருஷம் துணியே எடுக்கவில்லை என்று சத்தியம் செய்கிற அம்மாவின் அலமாரி மூட மறுக்கும். "அதெல்லாம் தள்ளுபடில வாங்கினது. சேராது." எது எதில் சேர வேண்டும் என்பதை இவர்களே முடிவு செய்வார்கள். பிறகு கணக்குப் போடுவார்கள். கணக்கு எப்படித் தப்பாகும்?

நம்முடைய ஆள் இந்த இனத்தில் ஒரு சாதாரணப் பிரஜை அல்ல. இதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்குகிறவர். பெரிய அலுவலகம் ஒன்றின் பட்ஜெட் பிரிவில் தலைமை இடம். எந்தப் பிரிவு ஒதுக்கீட்டைத் தாண்டினாலும் அதன் அதிகாரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது இவரிடம்தான். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகக் கேட்பார்.

"இவ்வளவு நாற்காலி எதுக்கு?"

"மீட்டிங் ஹாலுக்கு சார்."

"மீட்டிங்ல என்ன செய்வீங்க?"

"பேசுவோம் சார்."

"அப்போ இது மரச்சாமான்ல சேராது. தகவல் தொடர்புல போடுங்க."

வந்தவர் கும்பிடாத குறையாக வெளியே போவார். இவர் முதுகுக்குப் பின்னால் இவருக்கு 'சேராது சார்' என்று பேர். அது இவருக்குத் தெரியும். தெரிந்தும் அதை அவமானக் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுச் சமையலறை ஒருநாள் உயிரை விட ஆரம்பித்தது. சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை தண்ணீர் குடித்துக் குடித்து ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. கரண்டி வைக்கிற டிராயரை லேசாகத் தூக்கி, இடது பக்கம் தட்டி, அப்புறம் இழுக்க வேண்டும். அந்த வித்தை மனைவிக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. மேல் அலமாரிக் கதவு ஒன்று கழன்று அவள் தோளில் விழுந்த அன்று, அவள் யாரையும் கேட்காமல் ஒரு காண்ட்ராக்டரை வரவழைத்துவிட்டாள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். எதையும் அளந்து கொடுத்துப் பழகியவள். பேச்சும் அளவுதான்.

காண்ட்ராக்டர் டேப்பை இழுத்தார், சுருட்டினார், எஸ்டிமேட்டை அனுப்பிவைத்தார். நம்மவர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தார். அவர் கண் ஒரு சொல்லில் போய் நின்றது. கூலி.

"கூலியே பாதி வருது!" என்று கூவினார். "பாதி! நாமளே செஞ்சா?"

"நாமளேன்னா யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"உங்களுக்கு மரவேலை தெரியுமா?"

"தெரியணும்னு என்ன இருக்கு? அதான் வீடியோ இருக்கே. ஒருத்தன் தனியாளா, சிரிச்சுக்கிட்டே ஒரு முழு கிச்சனையும் மாட்டிட்டான். பன்னெண்டு நிமிஷம்தான்."

கல்லூரியில் படிக்கிற மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்த வீடியோல அவன் சட்டை மூணு தடவை மாறுதுப்பா."

அதை அவர் காதில் வாங்கவில்லை. காண்ட்ராக்டர் கேட்டதில் சரிபாதியை எழுதினார். அதன் மேல் எதிர்பாராத செலவுக்கென்று பத்து சதவீதம் போட்டார். பெரிய எழுத்தில் அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். "இதுக்கு மேல ஒரு காசு தாண்டாது" என்றார். அவருடைய உழைப்பு இலவசம் என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. மனைவியின் உழைப்பைப் பற்றி அந்தத் தாளில் பேச்சே இல்லை.

முதலில் வந்தது டிரில்லிங் மெஷின். அதன் பின்னாலேயே மரம் அறுக்கிற மெஷின், டைல்ஸ் வெட்டுகிற மெஷின், சுவரில் சிவப்புக் கோடு போட்டு மட்டம் காட்டுகிற ஒரு கருவி, இதையெல்லாம் வைக்க ஒரு பெட்டி, பெட்டியை வைக்க ஒரு ஸ்டாண்டு என்று வீட்டு வாசலில் டெலிவரி ஆள் குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்.

"பட்ஜெட் இப்பவே தாண்டிடுச்சே?" என்றாள் மனைவி.

"இதெல்லாம் கருவி. கருவி நமக்குச் சொத்து. காலத்துக்கும் இருக்கும். சமையலறையில எப்படிச் சேரும்?"

"அப்போ இந்த மாசம் நாம பணக்காரங்களா ஆயிட்டோமாப்பா?" என்றாள் மகள்.

"ஒரு விதத்துல ஆமா" என்றார் அவர். யோசித்துத்தான் சொன்னார்.

உடைப்பது யாருக்கும் வரும். அதில் இவர் பிறவிக் கலைஞர் என்றே சொல்ல வேண்டும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரே சனிக்கிழமையில் பழைய சமையலறையை இருந்த இடம் தெரியாமல் செய்துவிட்டார். அடுப்பு பால்கனிக்குப் போயிற்று. ஃபிரிட்ஜ் படுக்கையறைக்குப் போயிற்று. பாத்திரங்கள் குளியலறைக்குப் போயின. எல்லாம் தரைமட்டமான பின், சுவரில் மிச்சமிருந்த ஒற்றை டைல்ஸைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. உளியை வைத்து ஒரு போடு போட்டார். அந்த டைல்ஸுக்குப் பின்னால்தான் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். அவர் சட்டையின் ஒரு தோள் மட்டும் நனைந்திருந்தது.

"சார், உங்க வீட்ல மழையா?"

"சின்ன வேலை நடக்குது சார்."

"எங்க வீட்ல பெரிசா தெரியுது சார். போன மாசம்தான் சீலிங்குக்கு பெயிண்ட் அடிச்சேன்."

சீலிங்குக்கு மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணம் எதில் சேர்ந்தது என்கிறீர்கள்? 'அக்கம்பக்கம்' என்று வீட்டுக் கணக்கில் ஒரு தலைப்பு உண்டு. யாராவது வீடு மாறிப் போனால் பரிசு வாங்கிக் கொடுப்பதற்காக வைத்தது. அதிலிருந்து போயிற்று. "நல்லெண்ணம்னு ஒண்ணு வேணாமா?" என்றார். கட்டைவிரலில் சுத்தியல் விழுந்தது மருத்துவத்தில் போயிற்று. பால்கனியில் காற்றடித்தால் அடுப்பு அணைந்துவிடுமாதலால் பாதி நாள் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. "எப்படியும் சாப்பிடத்தானே போறோம்? அது சாப்பாட்டுக் கணக்கு." முதல் தடவை வாங்கிய டைல்ஸ் தப்பான அளவு. இரண்டாம் தடவை சரியான அளவு, ஆனால் வெட்டக் கற்றுக்கொள்வதற்குள் பாதிக்குமேல் பல்லிளித்துவிட்டன. அந்தத் தொகையைக் கணினியில் எங்கே கொண்டுபோய் இறக்குகிறார் என்று மகள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"கல்வியா? அது என் காலேஜ் பணம்ப்பா!"

"கத்துக்கிட்டதுக்கு ஆன செலவு கல்விதானே? உன் ஃபீஸுக்கு இன்னும் நாள் இருக்கு."

"என் பேர்ல நீங்க டைல்ஸ் படிச்சிருக்கீங்க. பாஸாவது ஆனீங்களா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்ஜெட் கூட்டம் நடக்கும். ஃபிரிட்ஜ் படுக்கையறையில் இருந்ததால் கூட்டமும் கட்டில்மேல்தான். இவர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று குச்சியால் காட்டுவார். ஒதுக்கீடு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. ஆமாம், மிச்சம்! இத்தனை இடிபாடுகளுக்கு நடுவிலும் அந்தத் தாள் சிரித்துக்கொண்டிருந்தது. குளியலறையில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கி எழுந்து வந்த மனைவி, ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மிச்சத்தைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

சொல்லாததை அவர் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மிச்சம் இருக்கிறவன் கை சும்மா இருக்குமா? கழுத்தை வளைத்து, இழுத்தால் நீண்டு, விட்டால் தானே உள்ளே போகிற ஒரு குழாயை வாங்கினார். சிங்க்கே இன்னும் வராத வீட்டில் குழாய் வந்து பட்டுத்துணியில் படுத்திருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். பிறகு சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் போனார். சாதாரணக் கறுப்புக் கல்லுக்குத்தான் திட்டம். கடைக்காரர், வெள்ளை ரேகை ஓடிய ஒரு பலகைமேல் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துக் காட்டினார். அது ராத்திரி வானம் மாதிரி மின்னியது. நம்மவர் மனதுக்குள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டார். மிச்சம் இருந்தது. சரி என்றுவிட்டார்.

ஆனால் மிச்சம் தாளில்தான் இருந்தது, வங்கியில் இல்லை. வங்கிக்காரர்களுக்குத் தலைப்புகள் புரிவதில்லை. அவர்களுக்கு எல்லாப் பணமும் ஒரே பணம். கல் வந்து இறங்குகிற அன்று, கடைக்காரர் மீதியைக் கேட்டு நிற்க, இவர் போனில் வீட்டுக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாகத் தட்டிப் பார்த்தார். அக்கம்பக்கம் காலி. மருத்துவம் காலி. கல்வி, சொல்லவே வேண்டாம். கடைசியாக ஒன்று நிறைந்து இருந்தது. 'அக்கா' என்று பேர்.

அது மனைவி தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒதுக்கிவந்த பணம். அவளுடைய அக்கா வெகுதூரத்தில், விமானத்தில் போக வேண்டிய ஊரில், தனியாக இருக்கிறாள். இடுப்பு எலும்பு தேய்ந்து, ஆபரேஷன் என்று எப்போதோ சொல்லியிருந்தார்கள். அப்போது தங்கை போய் உடனிருக்க வேண்டும். அதற்கான பணம். "கணக்கு பார்க்கறது நீங்கதானே, நீங்களே வச்சிருங்க" என்று அவள்தான் கொடுத்து வைத்திருந்தாள்.

நம்மவர் கொஞ்சம் தயங்கினார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். தயங்கினார். பிறகு, எடுக்கவில்லை, மாற்றித்தான் வைக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல் மேலே ஏறியது.

அக்காவின் ஆபரேஷனைச் சொன்ன தேதிக்கு முன்னதாகவே வைத்துவிட்டார்கள் என்று போன் வந்தது ஒரு மாலைநேரம். மனைவி பால்கனியில் முட்டை வேகவைத்துக்கொண்டே பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னங்க, நாளைக்கே டிக்கெட் போட்டுடுங்க. அந்தப் பணத்தை எடுங்க."

அவர் டைல்ஸுக்கு நடுவில் பசை தடவிக்கொண்டிருந்தார். தடவிக்கொண்டே இருந்தார்.

"உங்ககிட்டதான் பேசறேன்."

"அது… இப்போதைக்கு மாத்தி வச்சிருக்கேன்."

"எங்க?"

அவர் வாயால் சொல்லவில்லை. அவர் கண் சொல்லிவிட்டது. அவள் திரும்பி மேடையைப் பார்த்தாள். வெள்ளை ரேகை ஓடிய கல், பாத்திரமோ அடுப்போ இன்னும் ஏறாத கல், பளபளவென்று கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் போய் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இதுவா எங்கக்கா?"

"அடுத்த மாசம் போனஸ் வந்ததும் திருப்பி…"

"ஆபரேஷன் அடுத்த வாரம்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எல்லாத் தலைப்பும் காலியா?"

"கிட்டத்தட்ட."

"உங்க பைக் பணம்?"

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம்மவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஆசை உண்டு. இளவயதில் வாங்க முடியாமல் போன, கனமாக உறுமுகிற வண்டி. அதற்கென்று ஒரு தலைப்பு, அதற்கென்று ஒரு சேமிப்பு. சமையலறை ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாத் தலைப்பிலும் அவர் கை போய்வந்திருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இந்த நிமிஷம்வரை அவருக்கே தோன்றியதில்லை.

"அது இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு, பழக்கதோஷம், நாக்கு தானாக நகர்ந்தது. "அது வந்து… இதுல சேராது…"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போதும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற பெண் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் அவருக்கு என்னவோ செய்தது.

"இருங்க, அதையே எடுத்து இப்பவே போட்டுடறேன்" என்று போனைத் தேடினார்.

"வேண்டாம்" என்றாள் மனைவி. "கேட்டு வாங்கற மாதிரி ஆயிடுச்சு. கடையில முன்பணம் கேட்டுக்கறேன்."

கேட்டாள், கிடைத்தது, கிளம்பினாள். கிளம்பும்போது பெட்டியைத் தூக்க வந்தவரிடம், "நான் வர்ற தேதியை எதுலயும் சேர்க்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் போன பின்பு வீடு விசித்திரமாக நடந்துகொண்டது. துவைத்த துணி கொடியிலேயே நின்றது. குப்பை தானாக வெளியே போக மறுத்தது. பாத்திரங்கள் கழுவப்படாமல் குளியலறையில் கூட்டம் போட்டன. முதல்முறையாக அவர் அங்கே குந்தி உட்கார்ந்தார். கால் மரத்துப்போயிற்று. குழாய்த் தண்ணீர் சட்டியில் பட்டு முகத்தில் அடித்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு தேய்ப்பில் போகவில்லை. எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தபோது, அதே உயரத்தில் சுவரில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. ஈரக் கை பட்டுப் பட்டு ஏறிய கறை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருந்தாலும் வேலையை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அவருக்கு நினைப்பு. மிச்சமிருந்தது மேல் அலமாரி. அதை ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் ஸ்க்ரூ முடுக்க வேண்டும்.

"கொஞ்சம் பிடிக்கறியாம்மா?"

"எனக்கு பரீட்சைப்பா. என் நேரம் இதுல சேராது" என்றாள் மகள், அறைக்குள்ளிருந்தே.

அலமாரியைத் தலையால் தாங்கிக்கொண்டு தானே முடுக்கினார். ஸ்க்ரூ இறங்கியது. தலையை விலக்கினார். நின்றது! இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தார். போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பலாமா என்று போனை எடுத்தார். அலமாரிக்குப் போட்டோ பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு பக்கம் மெல்லத் தலையைச் சாய்த்தது, சுண்ணாம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது, ராத்திரி வானத்தின்மேல் மொத்தமாக விழுந்தது. கல் நடுவே இரண்டாகப் பிளந்தது.

மகள் ஓடி வந்தாள். "அப்பா! அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"கால்? கை? காட்டுங்க."

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பரீட்சைப் படிப்பை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் தூசியிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அந்த லேப்டாப்பை எடுத்துட்டு வா. எல்லாத்தையும் கூட்டணும்" என்றார்.

எல்லாவற்றையும் கூட்டுவது எப்படி என்று அந்த மேதைக்குத் தெரியவில்லை. பிரிக்கத்தான் தெரியும். மகள் படித்துச் சொல்லச் சொல்ல, சொத்தாகியிருந்த மெஷின்களையும், நல்லெண்ணமாகியிருந்த சீலிங்கையும், கல்வியாகியிருந்த டைல்ஸையும் ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து இழுத்துவந்து சமையலறைக்குள் நிறுத்தினார். கடைசியில் அடியில் வந்து நின்ற தொகையைப் பார்த்துவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை எடுத்துக்கொண்டு அவர் பால்கனிக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க. என்ன விஷயம்?"

"எல்லாத்தையும் கூட்டிட்டேன்."

"எதை?"

"சமையலறையை. எல்லாம் சேர்த்து."

"கீழ்வீட்டு சீலிங்?"

"சேர்த்துட்டேன்."

"உங்க கட்டைவிரல்?"

"அதுவும்."

"எங்கக்கா பணம்?"

"அதைத்தான் முதல்ல எழுதினேன். உன் கடை முன்பணத்தையும் எழுதினேன். பைக் பணத்தை எடுத்து ரெண்டையும் அடைச்சுட்டேன். நீ கேக்கல, நானாத்தான் சொல்றேன்."

"சரி. மொத்தம் காண்ட்ராக்டர் கேட்டதைவிட ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"எவ்வளவு ஜாஸ்தி?"

"கூட ஒரு பாத்ரூமும் கட்டியிருக்கலாம்."

போனில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்னவென்று புரியாமல் அவர் பதறினார். அதற்குள் தூரத்தில் அக்காவின் குரல் கேட்டது. "யாருடி போன்ல? எதுக்கு இப்படிச் சிரிக்கிற?"

அவருக்கு மூச்சு வந்தது. "ஒண்ணு மட்டும் எதுல போடறதுன்னு தெரியல" என்றார். "நீ இத்தனை நாளா பாத்ரூம்ல பாத்திரம் கழுவினது."

"அதை எழுத வேணாம். நான் வந்தப்புறம் நீங்க கழுவுங்க, போதும்" என்றாள் அவள். "முதல்ல அந்த காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்க."

காண்ட்ராக்டர் வந்தார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் சொல்லுகிற முதல் வாக்கியம் ஒன்று உண்டு. அதை அவரும் சொன்னார்.

"யாரு சார் இதைச் செஞ்சது?"

நம்மவர் தொண்டையைச் செருமினார். "ஒருத்தன் வந்தான்…"

"எங்க சார் பிடிச்சீங்க அவனை? சுவர்ல இருக்கற ஓட்டையெல்லாம் பாருங்க. கொசு வலை மாதிரி. இந்த டைல்ஸ் கோடு எங்க சார் போகுது, ஊருக்கா?"

"ஆமா, அவன் கொஞ்சம் அப்படித்தான்."

"பணம் முழுசா குடுத்துட்டீங்களா?"

"பேசினதுக்கு மேலயே வாங்கிட்டான்."

"எனக்கு பிரிச்சு எடுக்கறதுக்குத் தனி கூலி ஆகும் சார்." சரி என்றார். அன்று மாலை அந்தக் கூலியைப் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பின் பக்கமாக அவர் கை மெல்ல நகர்த்திக்கொண்டு போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா." உடனே திரும்பக் கொண்டுவந்து வைத்தார். "சேரும், சேரும். சும்மா பார்த்தேன்." இனம் என்பது ஒரே நாளில் மாறிவிடுகிற விஷயமா?

பைக் பணத்தில் மீந்ததும், வந்து சேர்ந்த போனஸும் சமையலறைக்குள் போயின. காண்ட்ராக்டர் வேலை செய்த நாளெல்லாம் அந்த 'ஒருத்தனை'த் திட்டிக்கொண்டே செய்தார். நம்மவரும் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று, "அவனுக்கெல்லாம் எதுக்கு சார் டிரில்லிங் மெஷின்?" என்று தானும் இரண்டு வார்த்தை திட்டுவார். திட்டத் திட்ட மனசு லேசாவதுபோல் இருந்தது. அந்த ஒருத்தன்மேல் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டதோ என்று மகளுக்குச் சந்தேகம்.

கதவுகளுக்குக் கடைசிக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்த அன்று மனைவி பெட்டியோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். சாதாரணக் கறுப்புக் கல். நேரான டைல்ஸ். ஒரு டிராயரை ஒற்றை விரலால் இழுத்தாள். வந்தது. தள்ளினாள். போயிற்று. இன்னொரு தடவை இழுத்துத் தள்ளினாள். அவள் முகத்தில் என்ன ஓடுகிறதென்று தெரியாமல் நம்மவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

காண்ட்ராக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பதான்மா இது சமையலறை. முன்னாடி வந்தவன் உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். நீங்க எப்படிம்மா விட்டீங்க?"

மனைவி நிமிர்ந்தாள். கணவனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"என்ன செய்யறது?" என்றாள் மனைவி. "பார்க்க நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சார். கணக்கெல்லாம் ரொம்ப சுத்தமா எழுதிக் காட்டினார். நம்பிட்டோம்."

"இனிமே வாசப்படி ஏற விடாதீங்கம்மா."

"எங்க? சாயங்காலம் ஆனா வந்துடறாரே" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

ஆக, கதை இவ்வளவுதான். சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. இப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும் என்று உங்கள் மைத்துனரையோ, மேலதிகாரியையோ மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்தியும் இருப்பீர்கள். அதுவும் நல்லது. தன்னை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் எண்ணுவதுதான் இந்த இனத்தின் பிறவி அடையாளம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

போகட்டும். ஒரே ஒரு சின்ன சந்தேகம். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் கைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கப் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்களே, அது எந்தத் தலைப்பு? கண்ணைத் தூக்கியாவது பார்த்தீர்களா? பதில் சொல்ல வேண்டாம். ஆறிப் போவதற்குள் எடுத்துக் குடியுங்கள். குடித்த கப்பை நீங்களே கழுவி வையுங்கள்.